குழந்தைகளுக்கும் வரும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: பரம்பரையா, சூழலா? பெற்றோர் அறிய வேண்டியவை



‘எம்.எஸ்.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய். இது 20 முதல் 40 வயதுக்குள் வரும் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் இந்நோய் உள்ள நூறு பேரில் 3 முதல் 10 பேருக்கு 18 வயதுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. உலகெங்கும் சுமார் 28 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாகவும், அவர்களில் 18 வயதுக்குட்பட்டவர்கள் மட்டும் குறைந்தது 30 ஆயிரம் பேர் என்றும் 2020-ல் வெளியான உலகக் கணக்கு சொல்கிறது.

ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்று டாக்டர் சொன்னதும், நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி ‘என்ன மருந்து?’ என்பதாக இருப்பதில்லை. ‘யார் வழியில் வந்தது?’ என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் தாயின் குடும்பத்தை நோக்கித்தான் விரல் நீளும். பிறகு ‘மூத்தவளுக்கு வரன் தட்டிப்போகுமே’ என்று நோயையே மறைக்கும் வேலை தொடங்கும். இந்தக் கட்டுரையில், நோயின் காரணிகளாக மருத்துவ உலகம் எவற்றை உறுதி செய்திருக்கிறது, எவை காரணம் அல்ல, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றைப் பார்ப்போம்.

நோய் என்ன செய்கிறது?

மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நம் நரம்பு இழைகளின் மேல் ‘மையலின்’ என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மூளையின் கட்டளை வேகமாகவும் சிதறாமலும் போய்ச் சேர்வதற்கு இந்த உறைதான் காரணம். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே, தவறுதலாக இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உறை உரிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு எந்த இடத்தில் விழுகிறதோ, அதற்கேற்ப பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும்.

குழந்தைகளுக்கு வரும் எம்.எஸ். ஏறத்தாழ எல்லோரிடமும் ‘வந்து போகும்’ வகையாகவே இருக்கிறது. சில வாரங்கள் துன்பம் தரும், பிறகு குணமானதுபோல் இருக்கும், சில மாதங்கள் கழித்து வேறொரு அறிகுறியுடன் திரும்பும். நடுவில் பிள்ளை நன்றாக இருப்பதால், ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். பத்து வயதுக்கு முன் இந்நோய் அரிது. பருவமடைவதற்கு முன் ஆண், பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழச் சமமாக வருகிறது. பருவமடைந்த பின் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

நம் பகுதியில் எத்தனை பேருக்கு இருக்கலாம்?

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் எம்.எஸ். குறைவு, வடக்கே கனடா, ஸ்காண்டிநேவிய நாடுகள் பக்கம் போகப்போக அதிகம். தென்னிந்தியாவில் முறையாகக் கணக்கெடுத்த இடம் மங்களூரு. அங்கு நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் லட்சம் பேருக்குச் சுமார் 8 பேரிடம் எம்.எஸ். கண்டறியப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சேலம் மாவட்டத்தில் சுமார் 34.8 லட்சம் பேர், நாமக்கல் மாவட்டத்தில் சுமார் 17.3 லட்சம் பேர். மங்களூரு விகிதத்தை அப்படியே பொருத்தினால், இரு மாவட்டங்களிலும் சேர்ந்து நானூறு பேருக்கு அருகில் வரும். அவர்களில் பன்னிரண்டு முதல் நாற்பது பேருக்குச் சிறுவயதிலேயே நோய் தொடங்கியிருக்கும். இது ஒப்பீட்டுக் கணக்கு மட்டுமே, நேரில் எடுத்த கணக்கு அல்ல. ஆனாலும், ‘இது வெள்ளைக்காரர்களின் நோய், நம் ஊரில் கிடையாது’ என்ற எண்ணம் சரியில்லை என்பதை இது காட்டுகிறது.

பரம்பரையின் பங்கு எவ்வளவு?

எம்.எஸ். என்பது தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ ஒற்றை மரபணு வழியாக நேராக இறங்கி வரும் நோய் அல்ல. இந்நோயுடன் தொடர்புடைய இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு மாறுபாடுகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தனியே சிறு அளவுதான் வாய்ப்பைக் கூட்டும். அவற்றில் வலுவானது எச்.எல்.ஏ. டிஆர்பி1*15:01 என்பது. எது சொந்த அணு, எது அந்நியக் கிருமி என்று எதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டும் மரபணுக் கூட்டத்தைச் சேர்ந்தது இது. இது உள்ளவருக்கு வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகிறது. தெற்காசிய மக்களிடமும் இத்தொடர்பு காணப்படுகிறது. ஆனால் இந்த மாறுபாடு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் எம்.எஸ். வராமலேயே இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு உதவும் கணக்கு இதுதான். மேலை நாடுகளில், உடன்பிறந்த ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அல்லது 3. அதாவது நூறு பேரில் 97 பேருக்கு வருவதில்லை. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 அளவில். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட, மற்றவருக்கு வருவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான். இரட்டையர் இருவரின் மரபணுவும் ஒன்றே. நோய் முழுக்க முழுக்கப் பரம்பரை என்றால் இருவருக்கும் வந்தாக வேண்டும். அப்படி வராததே, சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்குச் சான்று.

எனவே, ‘உன் வீட்டு நோய்’ என்று மருமகளைச் சொல்வதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. சிறு சிறு மாறுபாடுகள் இரு பக்கமிருந்தும் வந்து சேர்கின்றன. தங்கையை எம்.எஸ். உள்ளவரின் தங்கை என்பதற்காக நிக்காஹ் பேச்சிலிருந்து ஒதுக்குவதும் அநியாயம்.

நெருங்கிய உறவில் திருமணம் காரணமா?

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது தமிழகத்தில் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அக்காள் மகளை மணப்பது மட்டும் மார்க்கத்தில் நமக்குத் தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினர் உறவில் மணந்தவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது.

உறவுத் திருமணம் எந்த நோய்களில் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள் சில உண்டு. லியூகோடிஸ்ட்ரோபி எனப்படும் மூளை வெண்பகுதி நோய்களில் பல அப்படிப்பட்டவை. உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு இவை வரும் வாய்ப்பு அதிகம். எம்.எஸ். இந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அதன் உறுதி செய்யப்பட்ட காரணிகளின் பட்டியலில் உறவுத் திருமணம் இல்லை.

ஆனாலும் டாக்டர், ‘நீங்கள் சொந்தத்தில் மணந்தவர்களா?’ என்று கேட்பார். அது குற்றம் சாட்டுவதற்கான கேள்வி அல்ல. லியூகோடிஸ்ட்ரோபியும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வெண்பகுதி பாதிப்பாகவே தெரியும் என்பதால், இரண்டையும் பிரித்தறியக் கேட்கிறார். வெட்கப்பட்டு மறைத்தால் நோயறிதலே தவறிப்போகும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒரு கூட்டத்தின் பூர்வீகத்துக்கும் பங்கு உண்டு என்பதற்கு மும்பை, புனே பகுதிப் பார்சி மக்கள் உதாரணம். 1980-களில் அவர்களிடையே நடந்த ஆய்வுகளில் லட்சத்துக்கு 20-க்கும் மேற்பட்டோருக்கு எம்.எஸ். இருந்தது. அதே ஊரில் வாழும் மற்றவர்களைவிட இது பல மடங்கு அதிகம்.

சூழல் காரணிகள்

மரபணுவை நாம் மாற்ற முடியாது. சூழலில் சிலவற்றை மாற்ற முடியும். கனடாவில் 2004 முதல் 2010 வரை, முதல்முறையாக மையலின் பாதிப்பு ஏற்பட்ட 302 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 63 பேருக்குப் பின்னர் எம்.எஸ். உறுதியானது. டிஆர்பி1*15 வகை மரபணு, எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்று, வைட்டமின் டி குறைவு ஆகிய மூன்றுமே வாய்ப்பைக் கூட்டின.

எப்ஸ்டீன் பார் வைரஸ்: எச்சில் வழியே பரவும் சாதாரண வைரஸ் இது. அமெரிக்காவில் ஒரு கோடிப் படைவீரர்களின் இரத்த மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. இந்த வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. இதைக் கேட்டுப் பதற வேண்டாம். உலகில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் உண்டு. நம் ஊர்களில் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே தொற்றி, அறிகுறி இல்லாமல் அடங்கிவிடும். பதின்ம வயதில் முதன்முறையாகத் தொற்றி, கடும் காய்ச்சலும் தொண்டை வீக்கமுமாக வருபவர்களுக்கு வாய்ப்பு மேலும் கூடுகிறது. இதற்குத் தடுப்பூசி இன்னும் புழக்கத்தில் இல்லை.

வைட்டமின் டி: சேலத்து வெயிலுக்குக் குறைவில்லை, ஆனாலும் வைட்டமின் டி குறைபாடு நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. காலை இருட்டில் பள்ளிப் பேருந்து ஏறி, மாலை டியூஷன் முடித்து வரும் பிள்ளை, நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியில் தங்கி நாள் முழுதும் வகுப்பறையில் இருக்கும் பிள்ளை ஆகியோருக்கு வெயில் படுவதே இல்லை. இதற்குப் பர்தாவைக் காரணம் சொல்லி விட்டுவிடுவதும் சரியல்ல, பர்தா அணியும் பெண் பிள்ளைக்கு வெயிலே வேண்டாம் என்று இருப்பதும் சரியல்ல. வெளியார் பார்வை படாத மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ, காலை 10 மணியை ஒட்டி முகம், கை, கால்களில் வெயில் படும்படி சிறிது நேரம் இருப்பது வீட்டிலேயே முடிகிற காரியம். விடியற்காலை இளவெயிலில் வைட்டமின் டி அதிகம் உண்டாவதில்லை.

நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது. முட்டையின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி உண்டு. ஆனால் ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட்தான் இருக்கும். வெயில் படாத பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை. முட்டை மட்டும் போதாது. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களும், ‘+எஃப்’ முத்திரையுள்ள செறிவூட்டிய பாலும் எண்ணெயும் துணையாகும். குறைபாடு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை கொடுக்கலாம். கடையில் தாமாகவே வாங்கி அளவுக்கு மீறிக் கொடுத்தால், இரத்தத்தில் கால்சியம் கூடி சிறுநீரகம் பாதிக்கப்படும்.

புகை: பிரான்சில் 2007-ல் வெளியான ஆய்வில், பெற்றோர் வீட்டில் புகைபிடிக்கும் பிள்ளைகளுக்கு எம்.எஸ். வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் புகையில் வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் கூடியது. பீடியோ சிகரெட்டோ, வீட்டுக்குள் புகைக்கும் அத்தாவின் புகை பிள்ளையின் நுரையீரலுக்குத்தான் போகிறது. இந்தப் பட்டியலில் இன்றே, செலவே இல்லாமல் நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

உடல் பருமன்: கலிபோர்னியாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், மிக அதிகப் பருமன் உள்ள பெண் பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, நடக்க இடமில்லை என்பது நம் மஹல்லாக்களில் உள்ள உண்மையான குறை. பெண்கள் மதரஸா வளாகத்தில் ஓடியாட ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூட அது நல்ல தொடக்கம்.

சூழல் மாறினால் நோயின் அளவும் மாறும் என்பதற்கு வெளிநாடு போன நம்மவர்களே சாட்சி. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து இங்கிலாந்து போனவர்களிடம் எம்.எஸ். குறைவாக இருந்தது, அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடமோ அந்நாட்டு அளவுக்கே கூடியது. வளைகுடாவிலும் நிலை மாறிவருகிறது. குவைத்தில் 2011-ல் லட்சத்துக்குச் சுமார் 85 பேருக்கு எம்.எஸ். இருந்தது. குடும்பத்துடன் அங்கு வாழ்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

எவை காரணம் அல்ல?

தடுப்பூசி காரணம் அல்ல. 1990-களில் பிரான்சில் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மீது இப்படியொரு பயம் கிளம்பியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. இது தொற்றுநோய் அல்ல. ஒரே தட்டில் உண்பதாலோ அருகில் படுப்பதாலோ வராது. தாய் கர்ப்ப காலத்தில் எதையோ பார்த்துப் பயந்ததாலும் வராது.

ஜின், சூனியம், கண்ணேறு என்று மாதக்கணக்கில் அலைவதால்தான் பல பிள்ளைகளின் பார்வை கைநழுவிப் போகிறது. பிள்ளைக்காக ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதே நேரம், நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். துஆ இருக்கிறது என்று மருந்தை விடுவது அவர்கள் காட்டிய வழி அல்ல.

எப்போது தாமதிக்கக் கூடாது?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

- ஒரு கண்ணில் பார்வை மங்குதல். கண்ணை அசைத்தால் வலி. சிவப்பு நிறம் வெளிறித் தெரிதல்
- உருவம் இரண்டாகத் தெரிதல்
- கை, கால் அல்லது முகத்தில் ஒரு பக்கம் மரத்தல், பலவீனம்
- நடையில் தள்ளாட்டம். கையெழுத்து திடீரெனக் கெடுதல்
- சிறுநீர் அடக்க முடியாமை, அல்லது வராமை

நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனக் கரும்பலகை தெரியவில்லை என்றால், ‘பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள்’ என்று முடிவு கட்ட வேண்டாம். கண்ணாடி போட்டும் தெளியாத மங்கல் கண்ணின் குறையாக இல்லாமல் நரம்பின் குறையாக இருக்கலாம்.

இதே அறிகுறிகளோடு வேறு நோய்களும் வரும். காய்ச்சலுக்குப் பின் ஒருமுறை மட்டும் வரும் மூளைத் தண்டுவட அழற்சி, எம்.ஓ.ஜி. எதிர்ப்பொருள் நோய், என்.எம்.ஓ. நோய், காசநோய், வைட்டமின் பி12 குறைவு ஆகியவை அவற்றில் சில. இவற்றின் சிகிச்சை வெவ்வேறு. என்.எம்.ஓ. நோய்க்கு எம்.எஸ். மருந்துகள் சில கெடுதலே செய்யும். அதனால்தான் எம்.ஆர்.ஐ., இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் முதுகு நீர் பரிசோதனை கேட்கிறார்கள். முதுகில் நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்பது வெறும் பயம்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. மேல்சிகிச்சைக்கு சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

சிகிச்சை, வெயில், நோன்பு

நோய் தீவிரமாகும்போது மூன்று முதல் ஐந்து நாட்கள் ஸ்டீராய்டு மருந்தை நரம்பு வழியே ஏற்றுவார்கள். அது அந்த நேரத்துக்கானது. நோய் திரும்பாமல் இருக்க நெடுநாள் மருந்து தேவை. ஃபிங்கோலிமோட் மாத்திரைக்கு 10 வயது முதல் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் ஒப்புதல் அளித்தது. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் சீக்கிரம் தொடங்கினால் பல பிள்ளைகள் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறார்கள். நன்றாக இருக்கிறதே என்று டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

உடல் சூடு ஏறினால் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் திரும்பும். சித்திரை வைகாசி வெயிலிலும், காய்ச்சலிலும், சுடுநீர்க் குளியலிலும் இப்படி நடக்கலாம். குளிர்ந்ததும் சரியாகிவிடும். மெல்லிய பருத்தித் துணியில் புர்கா, குளிர்ந்த நீர், நண்பகல் வெயிலில் அலையாமை ஆகியவை போதும்.

பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை. பருவமடைந்தவர் நோயாளியாக இருந்தால் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். நோன்பு நோற்கலாமா என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரிடமும், விட்டதற்குக் களாவா ஃபித்யாவா என்பதை ஆலிமிடமும் கேளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம்.

சட்டமும் ஜமாஅத்தும்

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிசும் ஒன்று. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர் போன்ற சலுகைகளையும் கேட்டுப் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் மாத உதவித் தொகைக்கும் விசாரியுங்கள். 1985 முதல் இயங்கும் இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் பெங்களூருவிலும் கிளைகள் உள்ளன.

விசைத்தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் பிழைக்கும் குடும்பத்துக்கு, மாதா மாதம் மருந்து வாங்குவது பெரும் சுமை. மஹல்லா பைத்துல்மாலிலிருந்து ஒருமுறை தொகை கொடுத்துவிட்டு நிறுத்தாமல், தகுதியுள்ள பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் மருந்துச் செலவை ஏற்பது ஜமாஅத் செய்யக்கூடிய சிறந்த உதவி. ஆண்டுதோறும் மே 30 உலக எம்.எஸ். தினம். அதையொட்டிய ஜும்ஆவில் இந்நோயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால், மறைத்து வைத்திருக்கும் ஒரு வீட்டின் கதவு திறக்கலாம்.

நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.